நாகபட்டினத்துப் புத்தரும் நமது தமிழ்ப் பாடமும்

மணிமேகலையை உயர்வகுப்பிற் கற்பிக்கும் ஆசிரியர் பலர் ஓரிடத்தில் தயங்குதலை யான் கண்டிருக்கின்றேன். பசிப்பிணியின் கொடுமையையும், அமுதசுரபியின் மாண்பையும், ஆபுத்திரன் வரலாற்றையும் நாவினிக்க எடுத்துரைப்பர். அளவை வாதமும் நிதானங்களும் பேசப்படும் இறுதிக் காதைகளை அணுகியதும், "இவை பரீட்சைக்கு வாரா" என்று கூறிப் புத்தகத்தை மூடிவிடுவர். மாணாக்கரும் மகிழ்வுடன் மூடிவிடுவர். அப்பகுதி கடினமானது என்பது உண்மையே. ஆயின் கடினம் ஒன்றே காரணமன்று. சாத்தனார் என்னும் கூலவாணிகர் ஒருவருக்குத் தனியே தோன்றிய ஒரு புறச்சமயப் பற்று அந்நூல் என்றும், தமிழர் வாழ்வோடு அதற்கு ஒட்டில்லை என்றும் ஓர் எண்ணம் நம்மிடையே சொல்லாமலே நிலவுகின்றது. எழுதியவர் தமிழர்; படித்தவர் யாவர் என்று நாம் கேட்பதில்லை. ஒரு நூல் எழுந்ததாயின் அதனைக் கேட்டு மகிழ்ந்த கூட்டம் ஒன்று இருந்திருத்தல் வேண்டுமன்றோ? அக்கூட்டம் எங்கே வாழ்ந்தது, யாது செய்தது, எம்மொழியில் வழிபட்டது?

இவ்வினாக்களுக்கு ஏட்டிலன்றிச் செம்பிலே விடை கிடைக்கும் இடம் ஒன்றுண்டு. அது சென்னை எழும்பூரில் உள்ள அரசினர் நூதனசாலை. சென்ற விடுமுறையில் அதனைக் காண்டற்குச் சென்றேன். 2023 ஒற்றோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே தொடங்கி, சின்னாளில் நின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் ஓடத்தொடங்கிய கப்பலிலே சென்றமையால், முதலில் நாகபட்டினத்திலேயே இறங்கினேன். வான்வழியிற் செல்வார்க்கு இப்பேறு இல்லை. காலையிற் காங்கேசன்துறையிற் புறப்பட்டவன் நண்பகலில் நாகபட்டினத்துக் கரையில் நிற்கும்போது, சோழர்காலத்து வணிகன் ஒருவனுக்கு ஈழம் எத்துணை அணித்தாயிருந்தது என்பதை எந்த வரலாற்று நூலும் சொல்லாத வகையிற் கால்கள் சொல்லிவிடுகின்றன.

நாகபட்டினத்திற் காண்டற்குரிய பழைய பௌத்தப் பள்ளி ஒன்றேனும் இன்று இல்லை. இருந்த பள்ளியோ பேர்பெற்றது. கடாரத்தரசனும் ஸ்ரீவிசயத்தரசனுமாகிய சூளாமணிவர்மன் பெயரால், அவன் மகன் மாறவிசயோத்துங்கவர்மன் நிறைவேற்றிய சூளாமணிவர்ம விகாரத்துக்கு, முதலாம் இராசராசன் தனது 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயைப் பள்ளிச்சந்தமாக விட்டான். அதனைக் கூறும் செப்பேடுகள் 21. அவற்றுள் 16 தமிழிலும் ஏனையவை வடமொழியிலும் எழுதப்பெற்றவை. ஒல்லாந்து நாட்டு லைடன் நகர்க்குச் சென்றமையால் அவை லைடன் செப்பேடுகள் என்றே பெயர் பெற்றுவிட்டன. தஞ்சைப் பெருவுடையார்க்குக் கற்றளி எடுத்த அதே அரசன், அதே காலத்தில், புத்தர் கோயிலுக்கும் ஊர் கொடுத்தான். இராசராசப் பெரும்பள்ளி, இராசேந்திர சோழப் பெரும்பள்ளி என்று அரசர் பெயராலேயே பள்ளிகள் வழங்கலாயின. முதலாம் குலோத்துங்கனும் 1090ஆம் ஆண்டளவில் இப்பள்ளிகளுக்கு உரிமைகளை உறுதிசெய்து சிறிய செப்பேடு ஒன்று அளித்தான்.

அத்துணைச் சிறப்புடைய இடத்தில் எஞ்சி நின்றது செங்கல்லாலான மூன்று நிலைக் கோபுரம் ஒன்று. புதுவெளிக் கோபுரம் என்பது அதன் பெயர். சீனக் கோபுரம் என்றும் சிலர் கூறுவர். 1846இல் சேர் வால்டர் எலியட் என்னும் ஆங்கில அலுவலர் அதனை நேரிற் கண்டு எழுதி வைத்தார். பின்னர் 1867இல் அந்நிலத்தைப் பெற்றிருந்த இயேசு சபைக் குருமார் அரசினரின் அநுமதியுடன் அதனை இடித்துவிட்டனர். கடலில் வருவோர்க்கு நெடுந்தூரத்துக்கு அடையாளமாய் நின்ற கட்டடம் செங்கற்குவையாயிற்று. இதனைக் கேட்டு இன்று ஒரு சமயத்தாரை மட்டும் இகழ்தல் எளிது. ஆயின் நமது குருபரம்பரைக் கதைகளிலே, திருமங்கையாழ்வார் நாகபட்டினத்துப் பொன்னாலான புத்தர் உருவைக் கவர்ந்துவந்து திருவரங்கத்து மதில் திருப்பணிக்குப் பயன்படுத்தினார் என்று பெருமையோடு சொல்லப்படுகின்றது. அக்கதை நடந்ததோ இல்லையோ, அதனைச் சொல்லி மகிழ்ந்த மனம் நம்முடையதே.

பள்ளி மறைந்தது, பள்ளியிலிருந்த திருவுருவங்கள் மண்ணுள் மறைந்து கிடந்தன. 1856 முதலாக 1930கள் வரையில் அவ்வூரில் அகழ்ந்தபோதெல்லாம் அவை வெளிப்பட்டன. ஏறக்குறைய 350 செப்புத் திருமேனிகள்! அவற்றிற் பெரும்பகுதி சென்னை நூதனசாலையைச் சேர்ந்தது; சில இலண்டன், நியூயோர்க் வரையும் சென்றன. ரி. என். இராமச்சந்திரன் என்னும் தொல்பொருளறிஞர் இவற்றை ஆராய்ந்து 1954இல் நூதனசாலை வெளியீடாக ஒரு நூல் எழுதினார். அந்நூலை நமது பண்டித வகுப்புக்களில் எடுத்துக் காட்டுவார் மிகச் சிலர். மயிலை சீனி. வேங்கடசாமி 1940இல் எழுதிய "பௌத்தமும் தமிழும்" என்ற நூலாவது பலர் கையிலும் உண்டு. அதுவும் வடிவங்களைக் கண்ணிற் காட்டாது.

இனி நூதனசாலைக்கு வருவோம். 1851இல் எட்வேட் பல்பூர் என்னும் வைத்தியரின் பொறுப்பில், நுங்கம்பாக்கத்துக் கல்லூரிச் சாலைக் கட்டடம் ஒன்றிலே தொடங்கி, 1854இல் எழும்பூர்ப் பாந்தியன் மனைக்கு மாறியது அது. முதலிற் கற்களும் தாதுப்பொருள்களுமே அங்கே மிகுதி. பின்னர் உயிருள்ள விலங்குகளும் வந்தன. அவை வேறிடத்துக்குப் போயின. சென்னை மக்கள் நூதனசாலையைச் 'செத்த காலேசு' என்றும் விலங்குக் காட்சிச்சாலையை 'உயிர்க் காலேசு' என்றும் வழங்கினர் என்பர். நகைச்சுவையாயினும் நம்மவர் பலர் நூதனசாலைகளை இன்றும் அக்கருத்தோடுதான் நோக்குகின்றனர். யான் சென்றவன்றும், இரண்டு பேருந்துகளில் வந்திறங்கிய சிறுவர் திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டைக் காண ஓடினர். ஓடுதல் அவர்க்குத் தகும். உடன் வந்த ஆசிரியர் அங்கேயே நின்றுவிட்டார்.

அமராவதிக் கற்களைப் பற்றி ஒரு சொல். கிருட்டிணையாற்றங்கரையில், 1796இல் அவ்வூர்ச் சமீன்தார் வீடு கட்டுதற்குச் செங்கல் தேடி ஒரு மேட்டை அகழ, உள்ளே பெருந்தூபி ஒன்று இருந்தமை தெரியவந்தது. மறுவாண்டு கொலின் மக்கன்சி அதனைக் கண்டார். 1845இல் வால்டர் எலியட் அகழ்ந்தெடுத்த கற்கள் சென்னைக்கு வந்து வெயிலிலும் மழையிலும் கிடந்து, 1859இல் இலண்டனுக்குக் கப்பலேறின. பின்னர் எடுக்கப்பட்டவை எழும்பூரில் உள. அவற்றின் முன் நின்றால், ஆந்திர நாட்டுச் சிற்பியின் உளியில் யானையும் மாந்தரும் நெருக்கியடித்துக் கொண்டு உயிர்பெற்றெழுதலைக் காணலாம். ஈழத்துப் பழைய புத்தர் படிமங்களின் ஆடைமடிப்பிலே அமராவதியின் சாயல் உண்டென்று கலைவல்லார் கூறுவதன் பொருளும் அங்கே விளங்கும். ஆயினும் அது நமது இன்றைய பொருளன்று. ஆதிச்சநல்லூர்த் தாழிகளையும் பொற்பட்டங்களையும் யான் விரைந்தே கடந்தேன். அவற்றுக்குத் தனியே ஒருநாள் வேண்டும்.

செப்புத் திருமேனிகள் இருக்கும் மண்டபத்தில் திருவாலங்காட்டு நடராசர் நிற்கின்றார். பிரான்சு நாட்டுச் சிற்பி ரொடான் இந்நூதனசாலை நடராச வடிவங்களைப் புகைப்படத்திற் கண்டே வியந்து எழுதினார். அவ்வெழுத்து 1921இல் வெளிவந்தபோது, உடன் எழுதினோருள் நமது ஆனந்த குமாரசுவாமியும் ஒருவர். திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரும் அங்கே உளர். அம்மையப்பரின் இடைநெளிவை எழுத்தில் எழுதப் புகுதல் வீண்முயற்சி. யான் நின்றிருந்தபோது முதிய அம்மையார் ஒருவர் செருப்பைப் புறத்தே கழற்றிவிட்டு உள்ளே வந்தார். ஒவ்வொரு கண்ணாடிப் பேழையின் முன்னும் கைகூப்பினார். நடராசரைக் கூப்பினார், விட்டுணுவைக் கூப்பினார், நாகபட்டினத்துப் புத்தரையும் அவ்வாறே கூப்பிச் சென்றார். நூதனசாலைக்காரர் அதனைத் தடுக்கவில்லை. சமயவேறுபாட்டை நூல்கொண்டு கற்றவனாகிய யான்தான் அவ்விடத்திற் சிறிது நின்று எண்ணவேண்டியவனாயினேன்.

அந்தப் புத்தர் வடிவங்களை அருகிருந்து நோக்குவோர்க்கு முதலில் தோன்றுவது, இவை பிறநாட்டார் கைவேலை அல்ல என்பதே. மெழுகில் உருச்செய்து, மண் பூசிக் காயவைத்து, மெழுகை உருக்கி வடித்து, அவ்வெற்றிடத்தே உலோகத்தை வார்க்கும் முறை நடராசருக்கும் புத்தருக்கும் ஒன்றே. தாமரைப் பீடத்தின் இதழ் மடிப்பு ஒன்றே. உற்சவமூர்த்தியை விழாக்காலத்தில் தண்டில் ஏற்றுதற்குப் பீடத்தில் வைக்கும் துளைகளும் வளையங்களும் பல புத்தர் பீடங்களிலும் காணப்படுகின்றன. புத்தரும் வீதியுலா வந்தார் என்பதே இதன் பொருள். ஒரே மரபிற் பயின்ற கைகள் ஒரு திங்களில் உமையம்மையையும் அடுத்த திங்களில் மைத்திரேயரையும் வார்த்திருத்தல் கூடும். தச்சருக்கும் கன்னாருக்கும் சமயப்போர் ஊதியம் தாராது.

வேறுபாடு எங்கேயுள்ளது? நின்ற கோலத்துப் புத்தர் வலக்கை அபயங்காட்ட, துவராடை உடலோடு ஒட்டி வீழ, கீழ்விளிம்பில் மெல்லிய மடிப்புக்கள் அலைபோற் சுருள நிற்கின்றார். முடியின் உச்சியில் ஒரு சுவாலை. தீக்கொழுந்து போன்ற அச்சுவாலை நாகபட்டினத்துப் புத்தருக்குத் தனியடையாளம். ஈழத்துப் புத்தர் வடிவங்களிலும் சீயத்து வடிவங்களிலும் இச்சுவாலை உண்டு. யாரிடமிருந்து யார் கொண்டனர் என்பதில் அறிஞர் மாறுபடுவர். கொடுத்தலும் கொள்ளலும் ஒருவழிப்பட்டன அல்ல என்று கொள்ளுதலே கடலறிந்தார்க்குப் பொருந்தும். போதிமரத்தின் கீழ் வீற்றிருக்கும் ஒரு வடிவம் யான் நெடுநேரம் நின்ற இடம். இருமருங்கும் நாகவரசர் இருவர் கவரி வீசுகின்றனர். நாகர் மணிமேகலைக்கு அயலவர் அல்லர். மணிபல்லவத்திலே புத்த பீடிகைக்காகப் பொருத நாகவரசர் இருவர் கதை அந்நூலிலே வருகின்றது. மகாவமிசத்தில் நாகதீபத்துக்கும் அதே கதை சொல்லப்படுகின்றது. மணிபல்லவம் நமது நயினாதீவே என்பர் பலர். அக்காதையைக் கற்பிக்கும் ஆசிரியர் இவ்வடிவத்தின் படம் ஒன்றையேனும் கரும்பலகையில் ஒட்டிவைத்தால், அரைமணிநேரப் பேச்சு மிச்சமாகும்.

இவற்றிலும் பெரிதாக நான் மதிப்பது பீடங்களில் உள்ள எழுத்து. சிறிய புத்தர்கள் பலர். ஒரு சாண் உயரமும் இல்லாதவர். பள்ளிக்கு வந்தோர் நேர்ந்து கொடுத்த வடிவங்கள் அவை. சிலவற்றின் அடியிலே கொடுத்தவர் பெயர் தமிழ் எழுத்திலே பொறிக்கப்பட்டுள்ளது. நாகபட்டினத்திலிருந்து நியூயோர்க்குக்குச் சென்றுவிட்ட ஒரு புத்தர் பீடத்திலே தமிழ்ச்சாசனம் சற்று நீளமாகவே உண்டு. இராசேந்திர சோழப் பெரும்பள்ளியும் அக்கசாலைப் பெரும்பள்ளியும் அதிற் குறிக்கப்படுகின்றன. புத்தர் அங்கே நாயகர், ஆழ்வார் என்ற சொற்களாற் சுட்டப்படுகின்றார். அக்கசாலை என்பது பொற்கொல்லர் தொழிற்சாலை. கோவலனை வஞ்சித்தவன் குலத்தார் என்று சிலப்பதிகார வகுப்பில் நாம் ஏசுகின்ற பொற்கொல்லர், பின்னொரு நூற்றாண்டில் புத்தருக்குத் திருவுலாப் படிமம் செய்து நிறுவினர்! ஆழ்வார் என்ற சொல் வைணவர்க்கே உரியதென்று இலக்கணம் கற்பித்த நமக்கு இச்சாசனம் ஒரு நல்ல பாடம். பள்ளி என்ற சொல்லும் அவ்வாறே. சமணரும் பௌத்தரும் உறைந்த இடம் பள்ளி; இன்று நம் பிள்ளைகள் செல்லும் இடமும் பள்ளி. மாணாக்கர் ஒருவரேனும் இத்தொடர்பைக் கேட்டறிந்திருப்பாரோ என்பது ஐயம்.

இத்திருமேனிகளின் காலம் 11ஆம் நூற்றாண்டிலிருந்து 16ஆம் நூற்றாண்டு வரை நீள்கின்றது என்பர். திருஞானசம்பந்தரோடு பௌத்தம் தமிழகத்தில் ஒழிந்தது என்று எழுதும் பரீட்சை விடைகளை இவை பொய்யாக்குகின்றன. 1476இல் பர்மிய அரசன் தம்மசேதியின் ஆணையால் ஈழத்துக் கல்யாணியாற்றில் உபசம்பதை பெற்று மீண்ட பிக்குகள் சிலர், கலமுடைந்து கரைசேர்ந்து நாகபட்டினத்தை அடைந்து, அங்கிருந்த பௌத்தத் தலத்தை வழிபட்டுச் சென்றனர் என்று பர்மாவிலுள்ள கல்யாணிச் சாசனம் கூறுகின்றது. ஈழம், தமிழகம், பர்மா என்ற முந்நிலமும் ஒரே கல்லில் அமைந்த செய்தி இது.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். நாகபட்டினத்தில் இராசராசப் பெரும்பள்ளி இருந்ததுபோலத் திருகோணமலைப் பக்கத்திலும் இராசராசப் பெரும்பள்ளி ஒன்று இருந்தது. அதுவே வெல்கம் விகாரை. நாதனார் கோயில் என்று அயலிலுள்ள தமிழர் வழங்கினர். அங்கே சோழர்காலத் தமிழ்ச் சாசனங்கள் பல உள. நந்தாவிளக்குக்குப் பசு விட்டவரும் காசு விட்டவரும் தமிழ்ப்பெயர் தாங்கியவர். பேராசிரியர் சி. பத்மநாதன் தமது "இலங்கைத் தமிழ்ச் சாசனங்கள்" என்ற நூலில் இவற்றை விளக்கியுள்ளார். இன்னும் ஒன்று. சோழரை வென்று பொலநறுவையிலிருந்து ஆண்ட விசயபாகு எடுத்த தந்ததாதுக் கோயிலை, அவன் காலத்தின் பின்னர்க் காவல் செய்ய உடன்பட்டவர் வேளைக்காரப் படையினர். அவ்வுடன்பாட்டை அவர்கள் தமிழிலே கல்லில் வெட்டினர். அக்கோயிலுக்கு அவர்கள் இட்ட பெயர் மூன்றுகைத் திருவேளைக்காரன் தளதாய்ப் பெரும்பள்ளி என்பது. புத்தரின் தந்தத்துக்குத் தமிழ்ப் படைவீரர் காவல். அதற்குச் சான்று தமிழ்க்கல். பொலநறுவைக்குச் சுற்றுலாச் செல்லும் நமது பாடசாலை மாணவர் கல்விகாரையின் முன் படம் பிடித்துக்கொண்டு திரும்புகின்றனரேயன்றி இக்கல்லை வினவுவதில்லை.

இவற்றைச் சொல்லும்போது சைவப்பெரியார் சிலர் என்னை ஐயுறுவர் என்பதை அறிவேன். அவர்களது அச்சம் சமயம் பற்றியது மட்டுமன்று. வடக்கிலும் கிழக்கிலும் பழைய செங்கற்குவை காணப்படுமிடமெல்லாம் இன்று வழக்கும் பூசலும் எழுகின்றன. குருந்தூர்மலை பற்றி நாடு அறியும். "தமிழரும் பௌத்தராயிருந்தனர் என்று நாமே எழுதிக்கொடுத்தால், நிலத்தையும் எழுதிக்கொடுத்தவராவோம்" என்று மதிப்புக்குரிய நண்பர் ஒருவர் என்னிடம் கூறினார். அவர் கவலை பொய்யன்று. ஆயினும் அவர் கூற்றின் அடிப்படையை நோக்குக. பௌத்தம் என்றாற் சிங்களம், தமிழ் என்றாற் சைவம் என்ற சமன்பாட்டை மறுதரப்பார் கூறுகின்றனர். நண்பரும் அதையே ஒப்புக்கொள்கின்றார். ஒப்புக்கொண்டபின், கந்தரோடையிற் கண்ட தூபிகளை மறுப்பதன்றி அவருக்கு வேறு வழியில்லை. 1917ஆம் ஆண்டையொட்டிப் போல் பீரிஸ் அங்கே அகழ்ந்து கட்டுரை எழுதிய நாள்தொட்டு இன்றுவரை நம்மவரிற் பலர் அத்தூபிகளைப் பற்றிப் பேச நேர்ந்தால் வாய்மூடிக் கொள்கின்றனர். மறுக்கும் பொருளை எவரும் உரிமை கொள்ளல் இயலாது. பிறர் எடுத்துக்கொள்ளும்போது முறையிடுதல் மட்டுமே எஞ்சும்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். வடக்கிற் கண்ட ஒவ்வொரு செங்கல்லையும் தமிழ்ப் பௌத்தம் என்று மேடையிற் கூவுதலும் ஆராய்ச்சியாகாது. அண்மையில் அவ்வாறு கூவுவோர் சிலரையும் காண்கின்றோம். சாசனம் தமிழாயிருப்பின் தமிழ் என்க. பிராகிருதமாயிருப்பின் பிராகிருதம் என்க. எழுத்தில்லாதவிடத்து எழுத்தில்லை என்று கூறி நிறுத்துக. ஈராயிரம் ஆண்டுக்கு முன்னே வாழ்ந்தவரிடம் இன்றைய அடையாளச்சீட்டைக் கேட்டல் இருதரப்பாருக்கும் பொதுவான பிழை.

சமயம் பற்றிய ஐயத்துக்கு விடை எளிது. யான் நாடோறும் தேவாரம் ஓதுபவன். சம்பந்தப்பிள்ளையார் பதிகந்தோறும் பத்தாந் திருப்பாட்டிலே சமணரையும் சாக்கியரையும் மறுத்தருளினார். மறுக்கப்பட்டவர் சீனமொழியில் வாதஞ்செய்தவர் அல்லர். போதிமங்கையில் எதிர்வந்த புத்தநந்தியும் சாரிபுத்தரும் தமிழ்நாட்டவர். சாக்கிய நாயனார் துவராடையைக் களையாமலே சிவலிங்கத்தின்மேற் கல்லெறிந்து முத்தி பெற்றார் என்று சேக்கிழார் பாடினார். அவரைச் சைவர் அறுபத்துமூவருள் வைத்து வணங்குகின்றனர். பௌத்தத் தமிழர் இருந்தனர் என்ற செய்தியைப் பெரியபுராணம் மறைக்கவில்லை. அதனை மறைப்பது பின்வந்த நமது வகுப்பறைகளே.

நமது முன்னோர் இத்துணைக் கூச்சம் உடையவராயிருக்கவில்லை. பௌத்தராகிய புத்தமித்திரனார் சோழன் வீரராசேந்திரன் பெயரால் இயற்றிய வீரசோழியத்தை 1881இல் அச்சேற்றியவர் நம் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. அந்நூல் பௌத்தர் செய்தது என்று அவர் ஒதுக்கினாரல்லர். உ. வே. சாமிநாதையர் மணிமேகலையை ஆராயத் தொடங்கியபோது அது சமணநூலென்றே முதலிற் கருதியிருந்தார் என்றும், மளூர் ரங்காசாரியார் அதனைப் பௌத்தநூல் என்று தெளிவித்தார் என்றும் அவரே எழுதியுள்ளார். பின்னர் ஆண்டுக்கணக்காகப் பௌத்த சமயக் கருத்துக்களைக் கேட்டறிந்து, 1898இல் நூலை வெளியிட்டார். பூசைக்கொட்டகையிலே திருநீறணிந்து பிறந்து வளர்ந்த ஒருவர் மற்றொரு சமயத்தைக் கற்றமையாற்றான் நமக்கு அந்நூல் கிடைத்தது. கற்கமாட்டேன் என்றிருந்தால், செல்லரித்த ஏட்டில் ஒரு பெயராகக் குண்டலகேசியின் வரிசையில் அதுவும் சேர்ந்திருக்கும். காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து பாளிமொழியில் நூல் எழுதிய புத்ததத்தரையும், 1960களில் அவ்வூர்ப் பல்லவனீச்சரத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்ட விகாரையையும் இவ்வரிசையில் வைத்து எண்ணுக. சாத்தனார் தனியராய் நின்றவரல்லர்.

இனிச் செய்யத்தக்கது யாது? சென்னைக்கு எல்லோரும் செல்லல் இயலாது. செல்வோர் வெள்ளிக்கிழமையில் நூதனசாலைக்கு விடுமுறை என்பதை நினைவிற்கொண்டு செல்க. பொதுவாக எந்நாட்டு நூதனசாலையிலும் பெயர், ஊர், நூற்றாண்டு என்ற மூன்றோடு குறிப்பு முடிந்துவிடும். பீடத்தில் என்ன எழுதியிருக்கின்றது என்பதை ஆசிரியரே முன்னர்ப் படித்துச் சென்று சொல்லல் வேண்டும். படியாத ஆசிரியரோடு சென்ற மாணாக்கர் திமிங்கிலத்தையே கண்டு திரும்புவர். ஆயின் வெல்கம் விகாரை நமக்கு அண்மையில் உள்ளது. கன்னியா வெந்நீரூற்றுக்கும் கோணேசர் கோயிலுக்கும் ஆண்டுதோறும் பேருந்து பிடிக்கும் பாடசாலைகள், அதே நாளில் ஒரு மணி நேரத்தை இதற்கும் ஒதுக்கலாம். சைவர் என்ற முறையிலும் செல்லலாம். தமிழ் மாணாக்கர் என்ற முறையிற் செல்லுதல் கடமை. பிறர் வழிபடும் இடமாதலின், செருப்பைக் கழற்றிவிட்டுச் செல்க, வாதஞ்செய்யச் செல்லற்க.

செல்லுமுன் சோழர்கால எழுத்தை மாணாக்கருக்குப் பயிற்றுதல் நன்று. எங்கள் பிராசீன வகுப்பிற் பத்துப்பேர் கொண்ட ஒரு குழுவுக்கு இதனைச் செய்து பார்த்தேன். இரண்டு மாலைப்பொழுதுகள் போதியனவாயின. ககரமும் தகரமும் இலகுவில் அடையாளம் தெரிந்துவிடும். மெய்யெழுத்துக்குப் புள்ளியில்லாமையும், எகர ஏகார ஒகர ஓகார வேறுபாடு குறிக்கப்படாமையும் முதலிற் சிறிது இடர்ப்படுத்தும். 'விளக்கு' என்ற சொல்லை ஒருவர் கண்டுபிடித்துவிட்டால் ஏனையோர் 'திருநந்தா' என்பதைத் தாமே முன்னால் தேடிப் படித்துவிடுகின்றனர்.